அனாமத்துக் கணக்கு

1962ஆம் வருஷம் ஜூன் 18. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வொயிட் சாண்ட்ஸ் பாலைவனம். நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது ஏரோபீ என்கிற ஒல்லி ராக்கெட் ஒன்று கிளம்பியது. உள்ளே மூன்று கைகர் கவுண்ட்டர்கள். அதிலும் ஒன்று வேலை செய்யவில்லை. 225 கிலோமீட்டர் உயரம் வரை போய்விட்டுக் கீழே வந்து விழுந்தது. காற்றின் தொந்தரவு இல்லாத உயரத்தில் அது வானத்தைப் பார்த்தது மொத்தம் 350 வினாடி. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்.

அதற்கு முன்னால் இரண்டு தடவை முயன்று பார்த்திருந்தார்கள். 1960ல் ராக்கெட்டே சரியாகக் கிளம்பவில்லை. 1961ல் ராக்கெட் ஒழுங்காகப் போனது, கருவியின் கதவு திறக்கவில்லை. ஊரெல்லாம் தாண்டிக் கல்யாணத்துக்குப் போய், மண்டப வாசலோடு திரும்பி வந்த கதை.

எதற்காக இந்தப் பாடு? காகிதத்தில் எழுதிய காரணம், நிலா. சூரியனின் எக்ஸ்-ரே நிலாவின் தரையில் பட்டால் தரையும் பதிலுக்குக் கொஞ்சம் எக்ஸ்-ரே உமிழும், அதை அளந்தால் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியும். நிலாவுக்கு மனிதனை அனுப்பப் போகிறோம் என்று கென்னடி 1961லேயே அறிவித்தாயிற்று. அந்தச் சமயத்தில் நிலா என்று ஒரு வார்த்தை போட்டால் பைல் நகரும். அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக்கூடம் பணம் கொடுத்தது. ஆனால் ரிக்கார்டோ ஜாக்கோனி, ஹெர்பர்ட் கர்ஸ்கி, ஃப்ராங்க் பாவோலினி, ப்ரூனோ ரோஸி என்ற நாலு பேருக்கும் உள்ளுக்குள் வேறு ஆசை இருந்தது. சூரியனைத் தாண்டி, வெளியே எங்கிருந்தாவது எக்ஸ்-ரே வருகிறதா?

அந்த ஆறு நிமிஷத்துக்குள் மூன்று விஷயம் நடந்தது. நிலாவிலிருந்து உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. விருச்சிக ராசிப் பக்கமிருந்து யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு எக்ஸ்-ரே கொட்டியது. சூரிய மண்டலத்துக்கு வெளியே இருந்து வரும் எக்ஸ்-ரேயை மனிதன் பார்த்தது அதுதான் முதல் தடவை. 2002ல் ஜாக்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு ஆரம்பம் இந்த ராத்திரி. (அவருக்கு வழிகாட்டிய ரோஸி 1993லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பரிசுகளுக்கு ஆயுள் அதிகம், மனிதர்களுக்குத்தான் குறைவு.)

மூன்றாவது விஷயத்தை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. ராக்கெட் சுழன்று சுழன்று வானத்தைத் துழாவும்போது, விருச்சிகத்தை விட்டு விலகிய பிறகும் கவுண்ட்டரின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏதோ ஒன்று விழுந்துகொண்டே இருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்தும்.

எனக்கு அந்த மூன்றாவது விஷயத்தின் மேல்தான் கண். அதற்கு இன்றைய பெயர், பிரபஞ்சத்தின் எக்ஸ்-ரே பின்னணி. எலும்பு பார்க்கிற எக்ஸ்-ரே கண்ணாக நம் கண் இருந்து, காற்றும் வழிவிட்டால், நமக்கு ராத்திரி என்பதே கிடையாது. வானம் முழுக்க வெள்ளையடித்த மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம் நிரந்தரமாக இருக்கும். பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைப் பின்னணியைப் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள். பென்சியாஸும் வில்சனும் ஆன்டெனாவில் புறா எச்சத்தைத் துடைத்தது, பிறகு நோபல் வாங்கியது... அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே கண்ணில் பட்டுவிட்ட அண்ணன் இது. தம்பிக்குக் கிடைத்த புகழ் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

நான் படித்தது பி.காம். எக்ஸ்-ரேயைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். ஒரே ஒரு யோக்கியதைதான். இந்த வானத்துக் கதையைப் படிக்கப் படிக்க, இது எங்கள் பாடமல்லவா என்று தோன்றியது. கணக்கியலில் இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. வருஷக் கடைசியில் எல்லாப் பற்றையும் ஒரு பக்கம், எல்லா வரவையும் இன்னொரு பக்கம் கூட்டினால் இரண்டும் சமமாக வரவேண்டும். வராது. வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக ஒரு தலைப்பில் உட்கார வைப்போம். ஆங்கிலத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். தமிழில் இன்னும் அழகு, அனாமத்துக் கணக்கு. சொந்தக்காரன் தெரியாத பணம்.

1962 ஜூன் 18 ராத்திரி பிரபஞ்சத்தின் பேரேட்டில் ஓர் அனாமத்துக் கணக்கு திறந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

புரியாத மிச்சம் ஒன்று வந்தால் முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும்? நாமாக இருந்தால் அடுத்தவனை. ஆபீஸில் பணம் குறைந்தால் பியூன், வீட்டில் நகை காணோம் என்றால் வேலைக்காரம்மா. இவர்கள் முதலில் சந்தேகப்பட்டது தங்களையே. நம் கருவியே போடுகிற சத்தமாக இருக்குமோ?

நியாயமான சந்தேகம்தான். விண்வெளியில் காஸ்மிக் கதிர்கள் கண்டபடி பாய்கின்றன. அவை கவுண்ட்டரில் பட்டாலும் அது ‘டிக்’ என்கும். கருவியின் உலோகமே அடிவாங்கி, தானாகவும் கொஞ்சம் ‘டிக்’ என்கும். அந்த முதல் ராக்கெட்டிலேயே இதற்கு ஒரு காவல் வைத்திருந்தார்கள். கவுண்ட்டரைச் சுற்றி இன்னொரு உணர்கருவி. காஸ்மிக் கதிர் வந்தால் இரண்டையும் துளைத்துக்கொண்டு போகும், இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும். எக்ஸ்-ரே வந்தால் உள்ளே இருப்பது மட்டும் கத்தும். இரண்டும் சேர்ந்து கத்தினால் அதைக் கணக்கில் சேர்க்காதே. இந்த உத்தியின் வேர் ரோஸி 1930ல் செய்த வேலையில் இருக்கிறது.

1977ல் நாசா அனுப்பிய ஹீயோ-1 செயற்கைக்கோளில் செய்தது இன்னும் அழகு. ஒரே உணர்கருவிக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு பெரிது. கருவியின் சொந்தச் சத்தம் எந்த ஜன்னல் வழியாகவும் வருவதில்லை, அதனால் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவுதான் இருக்கும். வானத்திலிருந்து வருவது மட்டும் பெரிய ஜன்னலில் இரண்டு மடங்காகும். பெரிய ஜன்னல் எண்ணிக்கை 30, சின்ன ஜன்னல் எண்ணிக்கை 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 10. அது வானம். சின்ன ஜன்னலில் மிச்சமிருக்கும் 10, கருவியின் புலம்பல். ஐந்தாம் வகுப்புக் கணக்கு சார்! ஆனால் இதை யோசித்துச் செய்ய, ‘நான் பார்ப்பதில் என் பங்கு எவ்வளவு?’ என்ற கேள்வி முதலில் மனசில் வரவேண்டும். அது ஐந்தாம் வகுப்பில் வராது. பலருக்கு ரிட்டயர் ஆனாலும் வராது.

2006ல் ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோளைத் திருப்பிப் பூமியையே பார்க்க வைத்தார்கள். வானத்தை அளக்க வேண்டும் என்றால் பூமியை எதற்குப் பார்க்க வேண்டும்? பூமி பின்னணியை மறைக்கும். மறைத்தால் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருத்தர் ஊருக்குப் போன பிறகுதான் அவர் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தார் என்று தெரிவதில்லையா, அந்த மாதிரி. பழைய ஹீயோ கணக்கைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வந்தது. வளைகோட்டின் வடிவம் மட்டும் அப்படியே இருந்தது.

நிலாவும் இதே வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது. 1990 ஜூனில் ஜெர்மனியின் ரோசாட் தொலைநோக்கி எடுத்த எக்ஸ்-ரே படம் ஒன்று பிரசித்தம். பாதி நிலா சூரியனின் எக்ஸ்-ரேயில் மின்னுகிறது. 1962ல் தேடியும் கிடைக்காத அதே நிலா எக்ஸ்-ரே. மறு பாதி, பின்னணி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு கரிய நிழலாக நிற்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒரே ஒரு நெருடல். இருண்ட பாதியிலிருந்தும் கொஞ்சம் எக்ஸ்-ரே வருகிற மாதிரி இருந்தது. இருட்டுப் பக்கத்துக்கு ஏது வெளிச்சம்? பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்வியும் அனாமத்தில் கிடந்தது. 2001ல் இன்னொரு தொலைநோக்கி பார்த்துச் சொன்னது: அது நிலாவே இல்லை, நம்முடையது. சூரியக் காற்றின் துகள்கள் பூமியைச் சுற்றிப் பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பரவிக்கிடக்கும் மெல்லிய ஹைட்ரஜன் மேல் மோதி எழுப்புகிற வெளிச்சம். நிலாவின் முகத்தில் தெரிந்தது நம் வீட்டு வாசல் விளக்கு.

சரி, கருவி இல்லை, பூமி இல்லை, நிஜமாகவே வெளியேயிருந்து வருகிறது என்று ஆயிற்று. யாருடையது?

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் வருகிறது.

ஹீயோ-1 அளந்த வளைகோட்டை 1980ல் வெளியிட்டார்கள். ஆச்சரியமான வளைகோடு. பிரபஞ்சம் முழுக்க ஒரே சீராகப் பரவிய வாயு, சுமார் 46 கோடி டிகிரி சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தால் எப்படி எக்ஸ்-ரே வீசுமோ, அப்படியே அச்சு அசலாக. ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால் முழுக்கோடும் பொருந்திவிடுகிறது. விஞ்ஞானத்தில் இதைவிடப் பெரிய சபலம் கிடையாது. அனாமத்துத் தொகைக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு பில் கையில் கிடைத்த மாதிரி. எழுதி மூடிவிடலாமே?

பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எட்டு மாசம் குப்பை கொட்டினேன். ஒரு பாத்திரக்கடை கணக்கு. இருப்பாய்வில் 4,218 ரூபாய் உதைத்தது. மூன்று நாள் தேடினோம். நாலாவது நாள் என்னோடு இருந்த பையன் துள்ளிக் குதித்தான். லாரி வாடகை பில் ஒன்று, பைசா சுத்தமாக 4,218 ரூபாய்! கடைக்காரர், “அதேதாங்க, அதேதான். போட்டு முடிங்க, வீட்டுக்குப் போலாம்” என்றார். எங்கள் தலைமைக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “தொகை சரி. இது ஏற்கெனவே பதிஞ்சிருக்கான்னு பாத்தியா?” பார்த்தால், ஆறு மாசம் முன்னாடியே வேறு தலைப்பில் பதிந்திருந்தது. எங்கள் உதைக்கும் அந்த பில்லுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. தொகை மட்டும்தான் ஒன்று.

கடைசியில் அகப்பட்டது கடைப் பையனின் சில்லறைச் சிட்டையில். சைக்கிள் பஞ்சர், டீ, சணல் கயிறு, லோடுமேனுக்குப் பத்து ரூபாய் என்று நூற்றுச் சொச்சம் செலவு. ரொக்கப் புத்தகத்தில் மொத்தமாக எழுதிவிட்டு, பேரேட்டுக்குக் கொண்டுபோக மறந்திருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டியும் 61 ரூபாய் இடித்தது. தலைமைக் குமாஸ்தா அந்த 61 ரூபாயை அப்படியே அனாமத்தில் எழுதி வைத்தார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

கொதிக்கும் வாயு, வானத்தின் லாரி வாடகை பில். அதைச் சரிபார்த்தது எக்ஸ்-ரே கருவியே அல்ல, ‘தம்பி’யை அளக்கப் போன கோபி செயற்கைக்கோள். 1989 நவம்பரில் கிளம்பியது. அவ்வளவு சூடான வாயு எங்கும் நிறைந்திருந்தால், அதன் வழியாக வருகிற நுண்ணலை வெளிச்சம் கொஞ்சமாவது கோணல்மாணலாகியிருக்க வேண்டும். 1990 ஜனவரியில் கோபியின் முதல் வளைகோட்டை ஒரு கூட்டத்தில் காட்டியபோது, ஒன்பது நிமிஷத் தகவல்தான், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி ஒரு கோணல்கூட இல்லாத கோடு. கைதட்டலுக்கு நடுவே கொதிக்கும் வாயு செத்துப்போனது. பின்னணி வெளிச்சத்தில் அதன் பங்கு இருந்தாலும் 3 சதவீதத்தைத் தாண்டாது என்று கோபி குழு எழுதிவிட்டது.

பத்து வருஷம் பொருந்திக்கொண்டிருந்த கணக்கு, பொருந்தியது மட்டும்தான் அதன் குற்றம்.

வாயு இல்லை என்றால் மிச்சம் ஒரே வழி. சிட்டை. அந்த ஒரே சீரான வெளிச்சம் உண்மையில் கோடிக்கணக்கான தனித்தனிப் புள்ளிகள். நம் கண்ணுக்குப் பிரித்துப் பார்க்கும் வக்கில்லை, அதனால் கலங்கலாகத் தெரிகிறது. தீபாவளிக்கு முதல் நாள் கடைத்தெருவை நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் ‘கூட்டம்’ என்போம். கீழே இறங்கினால் கூட்டம் என்று ஒருத்தரும் இல்லை. கையில் குழந்தை, பையில் லிஸ்ட், மனசில் பட்ஜெட் என்று ஒவ்வொருத்தராக இருக்கிறார்கள்.

ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். அதுவரை தனித்தனியாகத் தெரிந்திருந்த பிரகாசமான புள்ளிகள், அதாவது நட்சத்திரமண்டலங்களின் நடுவே உட்கார்ந்து வாயுவை விழுங்கும் ராட்சதக் கருந்துளைகள், ஒன்றுகூட மொத்த வெளிச்சத்தின் சாயலில் இல்லை. அவற்றில் வீரியம் குறைந்த எக்ஸ்-ரே அதிகம், வீரியமானது குறைவு. பின்னணியிலோ வீரியமானது தூக்கல். எத்தனை பேரை அதே ரகத்தில் கூட்டினாலும் இந்தக் கூட்டுத்தொகை வராது. எல்லோரும் தமிழ் பேசுகிற கூட்டத்திலிருந்து தெலுங்குச் சத்தம் வந்த மாதிரி.

1989ல் ஜியான்கார்லோ செட்டி, லோடெவைக் வோல்ட்யர் என்ற இருவர் இதற்கு ஒரு விடை எழுதினார்கள். நாம் எண்ணியதெல்லாம் கண்ணுக்கு நேராக, திறந்த வெளியில் நிற்பவர்களை மட்டும். தூசுக்கும் வாயுவுக்கும் பின்னால் மறைந்து நிற்பவர்கள் ஏராளம். பக்கத்து மண்டபத்துக் கச்சேரியில் பாட்டு சுவரைத் தாண்டாது, மேளச் சத்தம் மட்டும் வந்துசேரும். அதுபோல, அவர்களிடமிருந்து வீரியம் குறைந்த எக்ஸ்-ரே திரையிலேயே செத்துவிடும். வீரியமானது மட்டும் இங்கே வரும். மறைந்திருப்பவர்களைச் சேர்த்தால்தான் கூட்டுத்தொகையின் சாயல் சரியாக வரும்.

இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. நான் பத்திரிகைக்காரன், சராசரிகளில் பிழைப்பு நடத்துகிறவன். சராசரி வாசகர், சராசரி வாக்காளர், சராசரி வருமானம். மொத்தத்தைத் தலைக்கணக்கால் வகுத்து ஓர் ஆளை உற்பத்தி செய்து, அந்த ஆளுக்காகவே எழுதுகிறோம், அந்த ஆளுக்காகவே திட்டம் போடுகிறோம். அப்படி ஓர் ஆள் எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நம் கணக்கு உதைக்கும்போது நாம் சந்தேகப்படுவது மொத்தத்தை. எண்ண மறந்தவர்கள் யார் என்று கேட்பதில்லை.

சந்தேகம் தீர, போய் எண்ணத்தான் வேண்டும். எண்ணினார்கள். ஐன்ஸ்டைன் தொலைநோக்கி 1979ல் ஏறக்குறைய கால்வாசியைப் புள்ளிகளாகப் பிரித்தது. ரோசாட் 1998க்குள் வீரியம் குறைந்த பகுதியில் 70, 80 சதவீதத்துக்கு ஆள் அடையாளம் சொன்னது. அப்புறம் வந்தது சந்திரா.

1999 ஜூலையில் விண்ணுக்குப் போன அமெரிக்கத் தொலைநோக்கி. பெயருக்காக ஒரு போட்டி வைத்தார்கள். ஐடஹோவின் ஒரு பள்ளி மாணவரும் கலிஃபோர்னியாவின் ஓர் ஆசிரியரும் எழுதிய கட்டுரைகள் ஜெயித்தன. நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமண்யன் சந்திரசேகரின் பெயர். சந்திரா என்றால் நிலா என்றும் அர்த்தம் வருகிறது. நிலாவைச் சாக்குச் சொல்லித் திறந்த கணக்கை நிலாவின் பெயருள்ள கருவி வந்து தணிக்கை செய்தது.

சந்திராவை ஒரு துண்டு வானத்தின் மேல் திருப்பி, பதினாறு வருஷத்துக்கு மேலாக விட்டு விட்டு மொத்தம் 70 லட்சம் வினாடி பார்க்க வைத்தார்கள். 81 நாள். கண்ணால் பார்த்தால் விசேஷமாக ஒன்றும் இல்லாத இருட்டு. இந்த ரகத் தேடலில் சில புள்ளிகளிலிருந்து நாலைந்து நாளைக்கு ஒரு போட்டான் வருமாம். நாலு நாளைக்கு ஒன்று! அதையும் தவறவிடாமல் பதிந்து, இவர் இன்னார் என்று இனம் பிரிக்கிறார்கள். 2017ல் வெளியான பட்டியலில் இருந்த புள்ளிகள் எத்தனை தெரியுமா? 1008. வேண்டுமென்று செய்ததில்லை. நாம் ‘ஆயிரத்தெட்டு’ என்று பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் நிஜமாகவே எண்ணியிருக்கிறார்கள். படத்தின் நடுப்பகுதி நெருக்கத்தில் பார்த்தால், முழு நிலா மறைக்கிற அளவு இடத்தில் 5000 ராட்சதக் கருந்துளை. பட்டியலில் பத்தில் ஏழு அந்த ரகம். திரைக்குப் பின்னால் இருப்பவையும் அதில் சேர்த்தி.

இப்படியெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆடிட்டர்களே ஒரு கோட்பாடு வைத்திருக்கிறார்கள். அற்பத் தொகைக்கு மெனக்கெடாதே. அது சோம்பேறித்தனம் இல்லை, நியாயமான விவேகம். 61 ரூபாயைத் தேட 600 ரூபாய் செலவு செய்பவன் புத்திசாலி இல்லை. எக்ஸ்-ரே பின்னணியின் மொத்த ஆற்றலும் நுண்ணலைப் பின்னணியோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 2024ல் சந்திராவின் வருஷ பட்ஜெட்டைச் சுமார் 68 மில்லியன் டாலரிலிருந்து 41 மில்லியனாகக் குறைக்கலாம் என்று நாசாவே முன்மொழிந்தது. எண்ணி முடித்தது போதும் என்று நினைப்பவர்களிடமும் வாதம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கும் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தொகையால் அற்பமாக இருப்பது தன்மையால் அற்பமாக இருக்க வேண்டியதில்லை. கோடி ரூபாய் கம்பெனியில் 500 ரூபாய் ஒன்றுமில்லை. அதே 500 ரூபாய் ஓர் அதிகாரியின் பைக்குள் போயிருந்தால் விஷயமே வேறு.

இந்த மங்கல் வெளிச்சத்தின் தன்மை என்ன? கருந்துளைக்குள் ஒரு பொருள் விழும்போது, விழுவதற்கு முன் சூடாகி வெளிச்சம் போடும். விழுந்த பிறகு கருந்துளையின் எடை ஏறும். ஒரே சம்பவம், இரண்டு பதிவு. வெளிச்சம் ஒரு பக்கம், எடை இன்னொரு பக்கம். 1982ல் ஆந்த்ரே சோல்தான் என்ற போலந்துக்காரர் சொன்னது இதைத்தான்: இதுவரை வந்த வெளிச்சத்தையெல்லாம் கூட்டினால், பிரபஞ்சத்தின் கருந்துளைகள் இதுவரை எவ்வளவு தின்றிருக்கின்றன என்று தெரிந்துவிடும். இரட்டைப் பதிவு முறை! பிற்பாடு, மறைந்திருப்பவர்களையும் சேர்த்துக் கூட்டிய வெளிச்சத்தையும், அக்கம்பக்கத்து நட்சத்திரமண்டலங்களில் நேரடியாக அளந்த கருந்துளை எடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. நம் பால்வீதியின் நடுவில் 40 லட்சம் சூரியன் எடையோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும் கருந்துளையும் எப்போதோ இப்படி விழுங்கி வளர்ந்ததுதான். யாரும் பார்க்காத ஒரு சாப்பாட்டுக் கணக்கு அந்தப் பூஜ்யமாகாத ஊசியில் இருந்திருக்கிறது.

எண்ணுகிறவர்களும் நம்மைப்போல மனிதர்கள்தான் என்பதற்கும் ஒரு செய்தி. ஜெர்மனியும் ரஷ்யாவும் சேர்ந்து 2019ல் ஒரு விண்கலம் அனுப்பின. அதிலிருந்த ஜெர்மன் தொலைநோக்கியின் பெயர் ஈரோசீட்டா. வானத்தை நடுவில் கோடு போட்டு, பாதி உனக்கு, பாதி எனக்கு என்று தகவலுக்குப் பாகப்பிரிவினை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, ஜெர்மனி தன் தொலைநோக்கியைத் தூங்க வைத்தது. 2024 ஜனவரியில் ஜெர்மனி தன் பாதி வானத்தின் முதல் பட்டியலை வெளியிட்டது. சுமார் ஒன்பது லட்சம் புள்ளிகள். கோடு போட்ட விஷயம் அந்தப் புள்ளிகளுக்குத் தெரியாது.

இன்றைய நிலவரம் இது. சந்திரா பார்க்கும் வீச்சில் பின்னணியின் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஆள் தெரிந்துவிட்டது. ஆனால் பின்னணி உச்சத்தில் இருப்பது அங்கே இல்லை, அதைவிட வீரியமான 30 கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் பக்கத்தில். அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்க 2012ல் நூஸ்டார் போனது. அதற்கு முன் 8 முதல் 24 கிலோ எலெக்ட்ரான்-வோல்ட் வரை ஓரிரு சதவீதம்தான் பிரிந்திருந்தது. 2016 கணக்குப்படி நூஸ்டார் அதை 35 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. பாக்கி 65, கனமான திரைக்குப் பின்னால் இருப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். மாடல்கள் அப்படித்தான் சொல்கின்றன, பொருந்தவும் செய்கின்றன. பொருந்துவதால் மட்டும் யாரும் ‘பிரிக்கப்படாதது’ என்ற தலைப்பை அடிக்கவில்லை.

சந்திராவை வைத்து 2006ல் இரண்டு பேர் ஒரு காரியம் செய்தார்கள். தொலைநோக்கியின் வெளிச்சம் விழாத ஓரத்துக்கு உணர்கருவி ஒதுக்கப்பட்டிருந்த நேரத்துப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது அது என்ன ‘பார்க்கிறது’ என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு வானத்தின் படத்தில் தெரிந்த புள்ளி ஒவ்வொன்றையும் வட்டம் போட்டு மறைத்தார்கள். மறைத்தது போக மீதி இருட்டில் விழுந்ததை எண்ணி, கண்மூடிய கணக்கை அதிலிருந்து கழித்தார்கள்.

பூஜ்யம் வரவில்லை.